பூட்டிய நாலு வீடும் காவல்கார அய்யாவுவும்

மலாயாவின் மூவார் ஊரில், ஆற்றையொட்டிய சந்தில் நாலு வீடுகள் ஐந்து வருடமாய்ப் பூட்டிக் கிடந்தன. 1926இல் ரப்பர் விலை ஏறி ஊர் நிரம்பி வழிந்த நேரம் அது. ஓர் அறையில் இரண்டு குடும்பம், நடுவில் சாக்குத் திரை கட்டிக் குடியிருந்தது.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டவருக்கு வாடகையெல்லாம் கண்ணுக்கே தெரியாது. காவலுக்கு வைத்த அய்யாவுவிடம், "நல்ல குடித்தனமா பாத்து வையி. அதுவரைக்கும் கடைசி வீட்டுப் பின்கட்டுல இருந்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவில்லை. அந்த 'அதுவரைக்கும்' அய்யாவுவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. எஸ்டேட்டில் கால் நொண்டியானதும் கூலிகள் குடியிருக்கும் லயத்தைவிட்டுத் துரத்தப்பட்ட மனுஷன். இதையும் விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

ஆகவே வீடு கேட்டு வந்தவனெல்லாம் அவருக்கு எமனாய்த் தெரிந்தான். சந்தில் யாராவது அண்ணாந்து கூரையைப் பார்த்தால் போதும், நம்மைக் கிளப்பத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார். தரைப் பலகைகளைத் தானே பெயர்த்து வைத்தார். ஆள் வருவது தெரிந்தால் கிணற்றைக் கலக்கிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் கெட்டிக்காரர்.

ஒருநாள் சோமசேகரம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாற்றலாகி வந்த சுகாதார இன்ஸ்பெக்டர். குடையும் கையுமாய் நின்றவரை யார், எவர் என்று அய்யாவு கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்.

"வாடகைக்கு விடுவியளோ?"

"விடலாங்க. ஆனா மறைக்கக் கூடாது பாருங்க. முன்ன இருந்தவங்கள்ல நாலு பேரு இந்தத் தண்ணியக் குடிச்சே போயிட்டாங்க. கூரையும் எப்ப விழுமோ."

சோமசேகரம் பலகையையும் கிணற்றையும் எட்டிப் பார்த்து, சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார். அன்று அய்யாவுவுக்குச் சோறு ருசித்தது.

அடுத்த மாதம் கதவில் ஒரு தாள் ஆணியடித்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் படித்துச் சொன்னார்: குடியிருக்கத் தகாத வீடுகள், நாலையும் இடிக்கப் போகிறார்கள்; குடையோடு வந்துபோன சுகாதார இன்ஸ்பெக்டர் எழுதினதாம். அய்யாவு அவர் இருப்பிடத்தை விசாரித்துக்கொண்டு நொண்டியபடியே ஓடினார். இரும்புக்கடை மாடியில், திரைக்கு இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரும், கைக்குழந்தையோடு அவர் மனைவி தவமணிதேவியும் இருந்தார்கள்.

"ஐயா, அது நல்ல தண்ணிங்க. நான் தினம் குடிக்கிறேன். ஒருத்தரும் சாகல."

"நீர் சொன்னதைத்தானே எழுதினனான். ஏன் பொய் சொன்னீர்?"

"நீங்க வந்துட்டா நான் எங்கங்க போவேன்?"

சோமசேகரம் தலையை ஆட்டினார். "இடிக்கட்டும் எண்டு வீட்டுக்காரரே எழுதிப்போட்டார். வெறும் நிலமெண்டால் நல்ல விலையாம். இனி என்ர கையில ஒண்டும் இல்லை."

தவமணிதேவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அப்பு, பின்கட்டு எங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் அதிலயே இருந்திருக்கலாம். இவர் ஊர் ஊராய்ப் போறவர், எனக்கும் துணையாய் இருந்திருக்கும்."

அய்யாவு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். எங்கேயாவது பொய் தெரிகிறதா என்று தேடினார். அகப்படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு யாரும் சொல்லலாம் என்று முனகிக்கொண்டே படியிறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, அழுதார்.