பக்கத்துப் போர்ஷன்காரர்கள்

அத்தை பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, எதிரே திருச்சபைக் கமிட்டியார் மூவர் காபியைத் தொடாமல் இருந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷன் அதற்கு முந்தைய வாரம்வரை காலியாக இருந்தது. எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த ஓர் இளைஞரும் நிறைமாதக் கர்ப்பிணியான அவர் மனைவியும் வீடு கேட்டு வந்தார்கள். முஸ்லிம் பெயரைக் கேட்டதுமே ஊரில் ஒவ்வொரு கதவாகச் சாத்தியிருந்தார்கள். அத்தையும் பெயரைக் கேட்டார், சாவியைக் கொடுத்தார்.

"ஏனுங்க சிஸ்டர், அந்த ஆளுங்களுக்கா ஊடு உட்டீங்க? போன்ல என்னென்னமோ வருதே, பாக்கறதில்லீங்களா?" என்றார் செயலாளர். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அத்தை ஊருக்கே சிஸ்டர்தான்.

"போன்ல வர்றவங்களுக்கு நான் ஊடு உடலீங்க. வாசல்ல வந்து நின்னவங்களுக்குத்தான் உட்டேன்."

சற்று இளகிய மனதுக்காரரான பொருளாளர் ஒரு வழி சொன்னார். அந்தப் பெண்ணிடம் மெல்லப் பேசி ஆலயத்துக்கு அழைத்து வந்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்களாம். அதுவரை நிதானமாக இருந்த அத்தைக்கு அப்போதுதான் முகம் சிவந்தது.

"யாராச்சும் கேட்டா என் விசுவாசத்தை மறைக்க மாட்டேனுங்க. ஆனா ஊட்டைக் காட்டி ஒருத்தரை மடக்கறது நொம்பக் கேவலம். பக்கத்து ஊட்டாரை நேசிக்கத்தானுங்க நமக்குச் சொல்லியிருக்கு. மதம் மாத்திப்போட்டு நேசிக்கச் சொல்லல."

அடுத்த ஞாயிறு ஆலயப் பாடகர் குழுவில் அத்தைக்கு இனி இடமில்லை என்றார்கள். அவர் வீடு திரும்பவில்லை. சபையாரோடு முன்வரிசையில் உட்கார்ந்து, குழுவையே அமுக்கும்படி ஓங்கிப் பாடினார். பக்கத்தில் இருந்த எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, கர்வமாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வலி கண்டபோது, கொண்டை ஊசி வளைவுகள் நெடுக அவள் கையைப் பிடித்தபடி சேலம் வரை ஜீப்பில் போனவர் அத்தைதான். பிறந்த குழந்தையின் காதில் தகப்பனார் பாங்கு என்னும் தொழுகை அழைப்பை ஓதியபோது, "கொஞ்சம் சும்மா இருங்க, அவங்க ஓதறாங்க" என்று வார்டு முழுவதையும் அடக்கி நிறுத்தினார்.

அத்தை சென்ற மழைக்காலத்தில் காலமானார். வீடு எனக்கு வந்தது. அடக்கம் முடிந்து சில நாட்களிலேயே செயலாளர் வந்து முற்றத்தில் நின்றார். "கண்ணு, சிஸ்டர் இருந்த வரைக்கும் பொறுத்துக்கிட்டோம். இனி நீதான் பாத்து அவங்களை…"

பக்கத்து வாசலில் அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்:

"அவங்க இங்கதானுங்க இருப்பாங்க. பேசோணும்னா மொதல்ல அவங்க ஊட்டுக்குப் போயி, உக்காந்து, அவங்க குடுக்கற டீயைக் குடிச்சுட்டு, அப்புறம் என்கிட்ட வாங்க."

செயலாளர் தெருவில் இறங்கிப் போனார். அவள் உள்ளே ஒதுங்கவில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் தெருமுனை தாண்டும்வரை தன் வாசலிலேயே நின்றாள்.