பேரல் ஆயில்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி மொதலாளிக்குப் பதினோரு வருசம் கார் ஓட்டினேன். என் கையில வண்டி கெடாதுன்னு டிரைவர்க மத்தியில எனக்கு ஒரு பேரு உண்டு. பீத்திக்கிறதுக்குச் சொல்லல. எங்கிட்ட இருந்ததே அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் ஒரே ஒரு தலையாட்டுல தொலைச்சேன்.

கம்பெனி குடோன்ல ஒரு எஞ்சின் ஆயில் பேரல் நிக்கும். லோடு லாரி, ஆள் ஏத்துற வேன், ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் பிடிச்சு ஊத்துவாங்க. சாதா ஆயில், நல்ல கெட்டி. மொதலாளி கார்னா ஆயில் மாத்துறது வருசத்துக்கு ஒருக்க, ஆயுத பூஜைக்குத்தான். கழுவி, சந்தனம் வச்சு, புது ஆயில் ஊத்தி, எலுமிச்சம்பழத்த நசுக்கி வண்டிய எடுக்கணும். பழைய கார் அம்புட்டையும் தாங்குச்சு.

அப்புறம் டர்போ வச்ச புதுக் கார் வந்துச்சு. ஒரு வருசம் வாங்கின எடத்துலயே சர்வீஸ் பண்ணோம். அதுக்குப் பிறகு, நம்ம ஆளே பாத்துக்கிடுவான்னு மொதலாளி ஒரு விருதுநகர் மெக்கானிக்கிட்ட விட்டாரு. அவன் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான். இது கொதிக்கிற கொதிக்கு சிந்தடிக் ஆயில்தான் நிக்கும், சாதா ஆயில் கருகிப் பிசினாப் போயிரும், பேரல் ஆயில்தான் ஊத்துவோம்னா வருசத்துக்கு நாலு தரமாவது மாத்தணும், பூஜை வரைக்கும் விட்டா எஞ்சின் போயிரும்னான். அவன் சொன்னா, யாவாரம் பண்றான்னு மொதலாளி நெனைப்பாராம். நான் சொன்னாக் கேப்பாராம். சொல்றேன்னேன், பெரிய இவன் மாதிரி.

பூஜைக்கு மொத நாளு. தீவாளிச் சீசன், குடோன் பூராம் லோடு. மொதலாளியே வந்து நின்னாரு. மெக்கானிக் சிந்தடிக்குன்னு வாயெடுத்தான். அவரு அவனைத் திரும்பிக்கூடப் பாக்கல, என்னைப் பாத்தாரு.

"எங்கப்பா காலத்துல இருந்து இந்த ஆயில்தான். ஓட்டுறவன் நீ. நீ சொல்லப்பா, எதை ஊத்தலாம்?"

பதினோரு வருசத்துல எங்கிட்ட ஒரு யோசனைன்னு அவரு கேட்டது அன்னைக்குத்தான். கிண்டலுக்கு இல்ல, நெசமாத்தான் கேட்டாரு. மெக்கானிக் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கான். சுத்தி லோடுமேன்க. அவரு அப்பா பேச்சை வேற எடுத்துட்டாரு.

"நீங்க சொல்றதுதான் சரி மொதலாளி. இதே போதும்."

சீ! இப்ப நெனைச்சாலும் என் செவிட்டுல நானே ஒண்ணு வைக்கணும் போல இருக்கு.

அதுக்கப்புறம் மெக்கானிக் ரெண்டு தரம் போன் பண்ணான், இப்பவாவது மாத்துங்கண்ணேன்னு. போதும்னு சொன்ன வாயால மாத்தணும்னு எப்படிக் கேக்க? பூஜைக்குப் பாத்துக்கிடலாம்னேன்.

ஆடி மாசம், வடக்கேருந்து ஆர்டர் குடுக்க வந்தவர மதுரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மல்லாங்கிணறு தாண்டினதும் ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சுச்சு. ஓரங்கட்டுறதுக்குள்ள கடகடன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். கொளுத்துற வெயில்ல, காட்டுக்கு நடுவுல நிக்கோம். அவருக்குப் பிளேன் போயிருச்சு.

மெக்கானிக் எஞ்சினைப் பிரிச்சான். ஆயில் ஆறிப்போன களி மாதிரி அப்பிக் கெடந்துச்சு. மொதலாளி வந்து பாத்தாரு. கத்துவாருன்னு இருந்தேன். கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், உங்க பேரல்தான் காரணம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பேன்.

"உன்னைக் கேட்டனாப்பா, இல்லியா?"

"கேட்டீக."

சாவிக்குக் கையை நீட்டினாரு, குடுத்துட்டேன். மெக்கானிக் துணியில கையைத் தொடைச்சுக்கிட்டே நின்னான். அவன் மேல வயிறெரிஞ்சு என்ன செய்ய, அவன் எங்கிட்டத்தான் மொதல்லயே சொல்லிட்டானே.

எஞ்சினைத் தின்னவன்னு டிரைவர்க மத்தியில இப்ப எனக்குப் பேரு. காரியாபட்டியில ஒரு லோடு வேன் ஓட்டுறேன்.

போன வாரம் அந்த மெக்கானிக்கைப் பாத்தேன். அதே கார்தான், எஞ்சினை மாத்தியாச்சாம். மொதலாளிக்குப் புது டிரைவராம், சின்னப் பய. சேந்த அன்னைக்கே, இந்த வண்டிக்குப் பேரல் ஆயில் ஆகாது, சிந்தடிக்தான் ஊத்தணும்னு மொதலாளிகிட்டச் சொன்னானாம்.

மொதலாளி என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலண்ணே. சரி, ஊத்துன்னுட்டாரு."