ஜாஸ் டிரம் கற்க நுவரெலியா போய் நடனம் ஆடிய கதை

பகலில் அட்டன் கடைவீதியில் மளிகைக் கடை. விசேஷ நாட்களில் ஊர் பேண்டில் டிரம். மூன்று வருடமாக ஒருவரும் குறை சொன்னதில்லை. போன மாதம் தோட்டத் துரைமார் கிளப்பில் நான் நடனத்துக்கு வாசித்தபோதுதான் வினை வந்தது. ஆடியவர்கள் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் பேண்டு மாஸ்டர் பிச்சைமுத்து கடைக்கே வந்து நின்றார். "நுவரெலியா ஹோட்டல்ல ஸ்டீபன்னு ஒருத்தரு ஜாஸ் வாசிக்கிறாரு. கப்பல்லயெல்லாம் வாசிச்சவரு. அவருகிட்ட கத்துக்கிட்டு வாங்க. வர்ற சனிக்கிழமையும் இப்புடியே வாசிச்சா வேற ஆள வச்சுக்கிருவேன். வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல் என்ன செய்வதாம்? நாளெல்லாம் பருப்பு நிறுத்துப் போடுகிற எனக்கு அந்த டிரம் ஒன்றுதான் சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை ஏழரை மணி ரயில் ஒன்பது மணிக்கு வந்தது. கிளம்பியதும் அடுத்த ஸ்டேஷன் கொட்டகலையில் காரணமே இல்லாமல் நின்றது. நானுஓயா வரை இருபது மைல். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஆறரை மைல், சின்ன ரயில். அது மேட்டில் ஏறுகிற லட்சணத்துக்கு நான் இறங்கி நடந்தே போயிருக்கலாம். போய்ச் சேர்ந்தபோது குளிரில் விரல்கள் விறைத்திருந்தன.

ஸ்டீபனுக்கு என் வயதுதான் இருக்கும். ஹோட்டலின் நடன மண்டபத்தில், "வாசிச்சுக் காட்டுங்க" என்றார். உற்சாகமாகத்தான் வாசித்தேன். மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வானத்தைப் பார்த்தார்.

"எங்கயாச்சும் மழை வருதாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அட்டனில் கல்யாண ஊர்வலம் என்றால் மேகம் இறங்கியதுமே அடியை முடுக்குவோம். நனைவதற்குள் மாப்பிள்ளையை மண்டபம் சேர்க்க வேண்டாமா? அப்படியே பழகிய கை இது. அதைச் சொன்னேன்.

"இங்க யாரும் எங்கயும் போய்ச் சேர வேணாங்க. ஆடுறவங்க ஆடுற எடத்துலயே சந்தோஷமா இருக்கணும்" என்றவர், என் குச்சிகளை வாங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். மூன்று நாள் தரவே இல்லை.

அதற்குப் பதிலாக, அதே ஹோட்டலில் துணி தைக்கிற தன் மனைவி எலிசாவைக் கூப்பிட்டு, அவரோடு என்னை ஆடச் சொன்னார். டிரம் கற்க வந்தவனை ஆடச் சொன்னால் எரிச்சல் வராதா? சமையல்கட்டு ஆட்களெல்லாம் வாசலில் நின்று சிரித்தார்கள். ஸ்டீபன் வேண்டுமென்றே என்னைப் போலவே முடுக்கி முடுக்கி வாசித்தார். நான் எலிசாவின் காலை மிதித்தேன்.

"அண்ணே, கொஞ்சம் பாத்து. எனக்கு இருக்கறது ரெண்டு காலுதான்."

பிறகு ஸ்டீபன் கம்பித் தூரிகையால் டிரம்மை மெல்லத் தடவி, ஒரே நிதானத்தில் வாசித்தார். என் கால்கள் தாமாகவே போயின. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குச்சிகளைத் திருப்பித் தந்தார். "கையப் பாக்காதீங்க. ஆடுறவங்க காலப் பாருங்க." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமை கிளப்பில் பாதி நடனத்தில் தகரக் கூரைமேல் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. என் கை பரபரத்தது. எதிரே பச்சை கவுன் போட்ட வயதான துரைசானி ஒருவர், ஒரு காலைச் சற்று இழுத்தபடி ஆடிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலை மட்டுமே பார்த்து வாசித்தேன். கடைசிப் பாட்டு வரை அவர் உட்காரவில்லை.

வெளியே வரும்போது மாஸ்டர், "இன்னிக்கு நீங்க வாசிச்ச மாதிரியே தெரியலையே" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவர் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார். "அடுத்த சனிக்கிழமையும் வந்துருங்க."

ஸ்டீபனிடம் போக நினைப்பவர்களுக்கு: கம்பளி அவசியம். நானுஓயா ஸ்டேஷனில் தேநீர் இரண்டு சதம், சீனி கேட்டால்தான் போடுவார்கள். குச்சிகள் வேண்டாம், வாங்கி வைத்துவிடுவார். காலுக்குப் போடுகிற சப்பாத்து மட்டும் மெல்லியதாகப் போட்டுக்கொண்டு போங்கள். நான் கிளம்பும்போது எலிசாவுக்குக் கால் நன்றாக வீங்கியிருந்தது.