பாதரச மண்ணைச் சுடும் இடத்துக்கு ஒரு பகல்

காலை ஆறு மணிக்குக் கொளத்தூரில் மைசூர் பஸ் ஏறினேன். மைசூரில் வேலை பார்க்கும் என் கணவர் முருகேசனுக்கு அன்று ரிப்போர்ட் வரும் நாள். அங்கே மூடிக் கிடக்கும் பழைய தெர்மாமீட்டர் ஆலையில் மண்ணைச் சுத்தம் செய்கிற வேலை அவருக்கு. போன பரிசோதனையில் சிறுநீரில் பாதரசம் கூடியிருந்தது. அதிலிருந்து வீட்டுக்கே வரவில்லை. "வந்தா பாப்பாவத் தூக்காம இருக்க முடியாது. அதான் வரலை" என்றார் போனில்.

பாலாறு செக்போஸ்ட்டில் காடு பனிக்குள் இருந்தது. மரங்கள் பாதி வரைந்து நிறுத்தியவைபோல் நின்றன. கண்ணை மூடித் திறந்தால் கொள்ளேகால்.

பதினொன்றரைக்கு மைசூர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். "அந்தப் பாதரச ஜாகாவா அக்கா? கேட் வரைக்கும் விடறேன். உள்ள மட்டும் பேடா, வேண்டாம்" என்றார் ஓட்டுநர், கன்னடம் கலந்த தமிழில்.

ஆலைக்குள் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு வெள்ளைக் கூடாரம். உள்காற்றை விசிறிகள் இழுத்தபடி இருந்ததால் அதன் சுவர்கள் மெல்ல ஒடுங்கி ஒடுங்கி விரிந்தன, உறங்கும் பெரிய விலங்கின் வயிறுபோல. பாதுகாப்பு அதிகாரி காவ்யா கண்ணாடி ஜன்னல் வழியே காட்டினார். தோண்டிய மண்ணை மூடிய உருளையில் சூடாக்குகிறார்கள். பாதரசம் ஆவியாகிக் குழாயில் ஏறுகிறது. குளிர்ந்ததும் வெள்ளிச் சொட்டாக விழுகிறது. தப்பிப்போகும் ஆவியைக் கந்தகம் ஏற்றிய கரி பிடித்துக்கொள்கிறது.

"ஆவிக்கு வாசனை இல்ல, நிறமும் இல்ல. மீட்டர் சொன்னாத்தான் தெரியும்" என்றார்.

அந்தச் சொட்டுகள் அவ்வளவு அழகாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முருகேசன் குளித்து, உடை மாற்றி வந்தார். இப்போது அவருக்குக் கூடாரத்துக்கு வெளியேதான் வேலை. ஆனாலும் நான்கடி தள்ளியே நின்றார்.

"கிட்ட வராத புள்ள."

"அதான் குளிச்சாச்சுங்களே?"

"ரிப்போர்ட் வரட்டும்."

இரண்டு மணிக்குக் காவ்யா காகிதத்தோடு வந்தார். "நல்லா இறங்கிடுச்சு. ஊருக்குப் போகலாம். வேலை உடுப்பு, ஷூ எல்லாம் இங்கயே இருக்கணும்."

முருகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மறுபடி உள்ள போவீங்களா?"

"விட்டாங்கன்னா போவேன். யாராச்சும் எடுத்துத்தானே ஆகணும்? ஒருநாள் மாஸ்க் சரியாப் பொருந்தலைன்னு தெரிஞ்சே உள்ள நின்னேன். கொஞ்ச நேரந்தானேன்னு. அதுலதான் பாதரசம் ஏறிடுச்சு. இனி நிக்க மாட்டேன்."

மூன்றரை மணி பஸ்ஸில் கிளம்பினோம். அந்த மண்ணில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்கத் திரும்பினேன். அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். கழுத்தில் அவர் மூச்சு சூடாகப் பட்டது. நான் விலகவில்லை.