பெற்றோர் விருப்பத்தின் பேரில்

டி.சி. என்ற இரண்டெழுத்தைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி, வெப்பநிலைக் குணகம் என்று விளக்கினார். நல்ல மனிதர். அவரையும் ஒரு நிமிடம் முறைத்துத்தான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் டி.சி. என்றால் முதலில் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை. அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். காய்ச்சல் காலத்தில் கூட்டம் நெருக்கினால், கூட இருப்பவர்கள் ஆளின் முகத்தைப் பார்த்தே குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்பா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணாமல் எழுத மாட்டார். முதலாளியிடம் திட்டு வாங்குவார், வீட்டுக்கு வரும் முக்கூடல் பஸ்ஸைத் தவறவிடுவார். அம்மா சத்தம் போட்டால், "பாக்காததை எப்படி எழுதச் சொல்லுத?" என்பார்.

நான் டவுனில் படித்த பள்ளியின் வாசலில், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று எழுதியிருக்கும். அந்த நூறு எப்படி வருகிறது என்பது ஊருக்கே தெரியும். தேற மாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்துக் கழித்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் இதைத் திறமை என்றே பேசினார்கள். வெட்கங்கெட்ட திறமை. நான் ஒன்பதாவது படித்த வருடம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து, முழுப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டேன்.

மே மாதம் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றேன். டி.சி. மேசைமேல் தயாராக இருந்தது. அப்பாவே விரும்பிக் கேட்பதாக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும், பள்ளி யாரையும் விரட்டவில்லை என்று ஆகிவிடும்.

"நான் கேக்கலியே சார். நீங்கதான் போகச் சொல்லுதிய. அதை அப்படியே எழுதித் தாரேன்" என்றார் அப்பா. அப்படியே எழுதியும் கொடுத்தார்.

தலைமையாசிரியர் அதை வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

"என்ன வே, விளையாடுதீரா? உம்ம விருப்பம்னு எழுதும். இல்லைன்னா டி.சி.யில கையெழுத்துப் போட மாட்டேன். அங்கன இங்கன எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அட்மிஷன் முடிஞ்சிரும். பொறவு பிள்ளையை வீட்டுல வச்சு அழகு பாரும்."

"எழுதாதீங்கப்பா" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுதினார்.

முக்கூடல் பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பில் நன்றாகவே தேறினேன். அதனால் என் ஆத்திரம் ஆறிவிடவில்லை. என்னைத் துரத்தியதற்காக அந்த ஆளை மன்னித்தாலும் மன்னிப்பேன். அப்பாவை எழுத வைத்ததற்கு மன்னிக்க மாட்டேன்.

டி.சி. வாங்கிய அன்று மதியம் அப்பா வேலைக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என்னோடு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டாள்.

"இன்னைக்கு நான் எண்ணி எழுதிக் கொடுத்தா அதை எவன் நம்புவான்?" என்றார்.