கட்டுறதுக்குத்தான் பட்டு

புடவையைத் தோளில் போட்டபடி கடை வாசலுக்கு வந்து வெயிலில் நிற்கிறாள் ரேணுகாம்பாள். காந்தி ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பில் போடாத பட்டு தெருவுக்கு வந்துவிட்ட கவலையில் விற்பனையாளர் சபாபதி பின்னாலேயே வந்து நிற்கிறார்.

"உள்ள லைட்டுல எல்லாமே ஜோராத்தான் இருக்குதுண்ணே. நான் என்னா உங்க கடைக்குள்ளயா குடும்பம் நடத்தப்போறேன்?"

நிறம் பார்த்து முடிந்ததும் உள்ளே வந்து மெத்தை விரிப்பில் சம்மணமிட்டு உட்காருவாள். எழுந்து, பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி கையைத் தூக்குவாள். புடவையின் உள்பக்கத்தைத் திருப்பி, இழைகள் மெட்டியில் மாட்டுமா என்று தடவிப் பார்ப்பாள். விலைச்சீட்டைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

செவிலிமேட்டில் அவளுக்கு இட்லி மாவு வியாபாரம். அரைக்கிற வரை நைட்டி. சாயங்காலம் விற்க உட்காரும்போது பட்டுதான், மடியில் ஒரு துண்டு. ரேஷன் கடைக்கும் பட்டு, கரண்ட் ஆபீசுக்கும் பட்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள், "எங்க கல்யாணம்?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான். முடிஞ்சு எத்தினியோ வருசம் ஆவுது" என்பாள். புருஷன் தர்மனுக்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது அவள் சாதாரணப் புடவையில் நின்றால், "ஒடம்பு சரியில்லியா?" என்கிறார்.

அவள் புடவை வாங்குவது அபூர்வம். வாங்கினால் நல்லதாக வாங்குவாள், வாங்கியதை விடமாட்டாள். "பத்து வாட்டி கட்டினா பத்து புடவ. பீரோவுல வெச்சா ஒண்ணுகூட இல்ல."

போன தை மாதம் இந்தக் கணக்குக்கு ஒரு சோதனை வந்தது. மகன் கலைவாணனுக்குத் தென்னேரியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் தீபிகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும். தீபிகாவும் அவளுடைய சித்தி துர்காதேவியும் கடைக்கு வந்திருந்தார்கள்.

தீபிகாவின் கை போனது அரக்குச் சிவப்பில், அகல ஜரிகைக் கரை போட்ட ஒரு புடவைக்கு. ரேணுகாம்பாள் அதைத் தூக்கிப் பார்த்தாள். கைக்குழந்தை கனம் கனத்தது.

"இத கல்யாணத்தன்னிக்கி கட்டுவ. அப்புறம் தொடுவியாம்மா?" என்று கேட்டு, இறகு போலிருந்த ஒரு கிளிப்பச்சையை எடுத்து முன்னால் வைத்தாள்.

துர்காதேவியின் முகம் மாறியது. பெண்ணிடம் பேசுவது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உட்டுடு தீபிகா. அவங்க கைய சுருக்கறாங்க. நாம என்னா சொல்ல முடியும்?"

சபாபதி கீழே பார்த்துக்கொண்டு, மடித்த புடவையையே மறுபடி மடித்தார். ரேணுகாம்பாளுக்குச் சுருக்கென்றது. மருமகளாக வரப்போகிறவள் முதல் நாளே தன்னைக் கஞ்சம் என்று எண்ணிக்கொள்வாளோ என்று உள்ளுக்குள் பதறினாள். தீபிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நெஜம் சொல்லு. சித்திக்குப் புடிச்சிருக்குதா, உனக்கா?"

"எனக்குத்தான் அத்தை. வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு இதத்தான் கட்டிக்கினு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வருவேன். பொங்கலுக்கும் கட்டுவேன். வேணும்னா உங்க மாவுக் கடையிலயும் கட்டிக்கினு ஒக்காருவேன்."

"கனக்கும்மா."

"டெய்லி பேஷண்டுங்களையே தூக்கி ஒக்கார வைக்கறேன். புடவ என்னா கனம்?"

சபாபதி சிரித்துவிட்டார். தீபிகா சுடிதாருக்கு மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கை ஊன்றாமல் ஒரே மூச்சில் எழுந்தாள். ரேணுகாம்பாள் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். இத்தனை நாளும் துணியைப் பார்த்தே வாங்கியவள் அவள். கட்டுகிறவளைப் பார்த்து ஒரு புடவைக்குச் சரி சொன்னது அன்றைக்குத்தான்.

"பில்லு போடுங்கண்ணே" என்றாள். விலைச்சீட்டு அதுவரை புடவைக்குள்ளேயே மடிந்து கிடந்தது.

வெளியே வந்ததும் பையைத் துர்காதேவியின் கையிலேயே கொடுத்தாள். "பிளவுஸ உங்க டெய்லர்கிட்டயே குடுத்துடுங்க சம்பந்தி. கைய கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லுங்க."

துர்காதேவி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் ஏதோ பேசிட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

"எத?" என்று சிரித்தாள் ரேணுகாம்பாள்.

உச்சி வெயில். கூப்பிட்ட ஆட்டோ வந்தபாடில்லை. ஒதுங்க நிழலும் இல்லை. தீபிகா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் பேசிக்கொண்டே தன் பட்டு முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அவள் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.