பெரிய டாக்டரின் துண்டு

மருத்துவமனைகளில் நல்ல பழக்கங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று துருவித் துருவிக் கேட்டு ஆராய்வதுதான் அவளுடைய வேலை. அதனால் போகிற இடமெல்லாம் அவளுக்குக் ‘கேள்வி அக்கா’ என்றே பெயர். ஈரத்துண்டைக் கட்டிலில் போடும் கணவனை அவளால் இன்றுவரை திருத்த முடியவில்லை என்பது வேறு கதை.

இந்த வார்டில் எல்லோரும் சோப்புப் போட்டுத்தான் கை கழுவினார்கள். கழுவிய கையைக் குழாயடியில் தொங்கிய ஒரே துண்டில் துடைத்தார்கள். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த துண்டு. பக்கத்தில் போனாலே நாறியது.

“பெரிய டாக்டர் மாட்டினதுக்கா. கை தொடைக்கப் பேப்பர் வெச்சா வீண் செலவுன்னு கத்துவாரு,” என்று கிசுகிசுத்தாள் நர்ஸ்.

கேள்வி அக்கா அதை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினாள். கூட்டத்தில் அதைப் படித்த பெரிய டாக்டர் சிரித்தார்.

“இந்தத் துண்டால யாருக்காவது கஷ்டமா? பயப்படாம சொல்லுங்க.”

எல்லோரும் ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்கள். அந்த நர்ஸ் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, இவர்களுக்கு இதுவும் ஒரு பிழைப்பா என்று கேள்வி அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தீங்களா? கை கழுவறதப் பத்தி இன்னொரு வகுப்பு எடுத்தா எல்லாம் சரியாயிடும்,” என்றார் அவர்.

கூட்டம் முடிந்ததும், பிஸ்கட் தின்ற கையை அவரும் கேள்வி அக்காவும் வார்டுக் குழாயில் கழுவினார்கள். அவர் நிதானமாகத் துடைத்துவிட்டுத் துண்டை அவளிடம் நீட்டினார்.

“தேங்க்ஸ் சார்,” என்று அதை வாங்கி, விரலிடுக்குகூட விடாமல் துடைத்துக்கொண்டாள் கேள்வி அக்கா.